அனுமந்தைக்குப் போன 14 படங்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குப் போகிறவர்களிடம் 'அனுமந்தை' என்று சொல்லிப் பாருங்கள். "ஓ, டோல்கேட்டா?" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கார்க்காரர்களுக்கு அது பணம் கட்டிய இடம். பஸ்ஸில் போகிறவர்களுக்கோ கண்டக்டர் அவசரமாக விசில் ஊதும் ஒரு நிறுத்தம். எனக்கு மட்டும் அது அத்தை ஊர். அப்பாவின் ஒரே அக்காவை அங்கேதான் கட்டிக் கொடுத்தார்கள். சவுக்குத் தோப்பும், பனையும், ராத்திரி படுத்தால் தலைமாட்டில் கேட்கும் அலைச் சத்தமும் சின்ன வயதில் எனக்கு அத்தையோடு சேர்ந்தே பழக்கமானவை.

2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நிறுத்தத்தில் இறங்கினேன். கையில் ஒரு கட்டைப்பை. உள்ளே அத்தைக்கு வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பழம், பத்து முழம் நைலான் கயிறு, இரண்டு டஜன் துணி கிளிப். அப்புறம் பழைய காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிய 14 போட்டோக்கள்.

"இன்னாம்மா, துணி துவைக்கவா இம்மாந்தூரம் வந்த?" என்று கேட்டாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மீன்கூடை அம்மாள். கண்காட்சி வைக்கப் போகிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

சகோதரிகளே, அந்தக் கயிற்றுக்கும் கிளிப்புக்கும் ஒரு கதை உண்டு. ஆறு வருஷத்துக் கதை.

2018 தீபாவளிக்கு என் மகன் புதுக் காமிரா வாங்கிக்கொண்டு பழையதை என் தலையில் கட்டினான். "சும்மாதானே இருக்கே அம்மா, எடுத்துப் பழகு" என்றான். (சும்மா இருக்கிறேனாம்! மூன்று வேளைச் சமையலை அவன் அப்பாவும் அவனும் என்ன பெயரில் சாப்பிடுகிறார்களோ.) நானும் எடுத்தேன். துளசி மாடம், வாசல் கோலம், பூனை, மொட்டை மாடி வற்றல் என்று எதையும் விடவில்லை. பிரிண்ட் போடும் கடைக்காரர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்: "எடுத்தது போதும்மா. கொஞ்ச நாளைக்கு மத்தவங்க எடுத்த படத்தைப் போய்ப் பாருங்க. சமையல் கத்துக்கணும்னா நல்ல வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுப் பார்க்கணும் இல்லியா?"

உவமை பிடித்துவிட்டது. புகைப்படக் கண்காட்சி எங்கே என்று தேட ஆரம்பித்தேன்.

முதலில் போனது சென்னைக்கு. 2016-ல் தொடங்கிய 'சென்னை போட்டோ பியனாலே' என்கிற விழா இரண்டாம் முறையாக 2019-ல் நடந்தது. கடற்கரைச் சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் இருக்கிறதே, 1870-களில் ராபர்ட் சிஷோம் கட்டியது, அதற்குள்ளும் படங்கள் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது வெளியிலிருந்து எத்தனையோ தரம் பார்த்த கட்டடம். உள்ளே நுழைந்ததும் வண்ணக் கண்ணாடிகளையும் கூரையையும் பார்த்தே கழுத்து வலித்துவிட்டது.

அன்றைக்கு நான் படம் பார்த்த அழகைக் கேளுங்கள். ஆடித் தள்ளுபடியில் ஜவுளிக்கடைக்குள் புகுந்த மாதிரி, இதைப் பார், அதைப் பார், அடுத்தது, அடுத்தது! ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்து வெளியே வந்து சுண்டல் வாங்கித் தின்றேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்தால் ஒரு படமாவது மனதில் முழுசாக நிற்க வேண்டுமே! சுண்டலில் மாங்காய் இருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

எனக்குப் படம் பார்க்கக் கற்றுக் கொடுத்தது, பிறகு வேறொரு ஊரில் வேறொரு கூடத்தில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு காவல்காரம்மா. நான் வழக்கம்போல் ஓட்டமாக ஓடுவதைப் பார்த்து, "அந்த மூலைப் படத்த பாத்தியாம்மா? எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. நீ பாத்துச் சொல்லேன்" என்றாள். ஒரு கிழவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் அது. விசேஷமாக ஒன்றும் இல்லை. அவள் கேட்டுவிட்டாளே என்று நின்றேன். ஐந்து நிமிஷம் போனதும் தெரிந்தது: கிழவருக்குப் பக்கத்தில் திண்ணையில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு எடுத்திருந்தார்கள். திண்ணை அங்கே மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து பழகியவர் இப்போது இல்லை. அவ்வளவுதான்! காவல்காரம்மாவிடம் சொன்னேன். எழுந்து வந்து பார்த்தாள். "ஐயோ, ஆமா" என்றவள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். கூடத்தில் 100 படம் இருந்தாலும் முதல் சுற்று சும்மா நடந்துவிட்டு வருவேன். இரண்டாம் சுற்றில் ஐந்து படம் மட்டும். பக்கத்தில் எழுதி ஒட்டியிருப்பதை முதலில் படிப்பதில்லை. படித்துவிட்டால் அதில் சொன்னதைத்தான் கண் தேடும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பேன். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் அது பிடிபட்டுவிடும். எடுத்தவர் நின்றாரா, குந்தினாரா, நாற்காலி மேல் ஏறினாரா என்று யோசிப்பேன். நானும் அங்கேயே லேசாகக் குனிந்து பார்ப்பேன். சிலர் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். கடைசியாகப் படத்தின் நான்கு ஓரங்கள். எதை உள்ளே விட்டார், எதை வெட்டினார் என்பது அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பால் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு, ஞாபகத்திலிருந்து அந்த ஐந்தையும் கிறுக்குவேன். எனக்குப் படம் வரைய வராது. யானையும் கிழவியும் ஒரே மாதிரி இருக்கும். ஆனாலும் எது எங்கே இருந்தது என்பது கைக்குப் படிந்துவிடுகிறது.

செல்போனில் பார்த்தால் போதாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். போனில் எல்லாப் படமும் உள்ளங்கை அளவுதான். கூடத்தில் ஒரு முகம் நம் முகத்தளவுக்கு, நம் கண் உயரத்துக்கு நிற்கிறது. அதை விரலால் தள்ளிவிட முடியாது. நாம்தான் நகர வேண்டும்.

கண்காட்சி பார்ப்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைத்திருந்தேன். தப்பு. சென்னையில் 1855-லேயே ஒரு பெரிய பொருட்காட்சியில் கோயில் படங்களை வைத்திருக்கிறார், லின்னேயஸ் டிரைப் என்கிற வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. ஒன்று இரண்டல்ல, 68 படங்கள். அடுத்த ஆண்டே அவரைச் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமித்தார்கள். 1858-ல் மதுரை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டியில் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிப் போயிருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கியிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்தக் காலத்துக் காகித நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். மனிதர் என்ன செய்தாராம் தெரியுமா? நெகடிவின் மேலேயே சாயம் தொட்டு மேகம் வரைந்து வைத்திருக்கிறார்! வெள்ளை ஒரு தொல்லை என்று 160 வருஷத்துக்கு முன்பே ஒருவர் தவித்திருக்கிறார் என்பது, பின்னால் உப்பளத்தில் நான் தவித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது.

எங்கள் புதுச்சேரிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. உலகமே கொண்டாடிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். அந்த டிசம்பரிலேயே அரவிந்தர் மறைந்துவிட்டார். பெண்கள் காமிராவைத் தொட்ட கதை வேண்டுமா? ஹோமாய் வியாரவல்லா இருக்கிறார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். புடவை கட்டிக்கொண்டு, கனமான காமிராவைச் சுமந்து டில்லியில் நேருவையும் மவுண்ட்பேட்டனையும் எடுத்தவர். 2011-ல் பத்ம விபூஷண் கிடைத்தபோது அவருக்கு 97 வயது.

சரி, அனுமந்தைக்கு வருவோம்.

அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவள். தூத்துக்குடி, வேதாரண்யம் மாதிரியே மரக்காணமும் உப்புக்குப் பேர் போன ஊர். பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்கள் விடியுமுன்பே கிளம்பிப் போவார்கள். தையில் பாத்தியைச் சீர்செய்து மிதித்துக் கெட்டிப்படுத்த ஆரம்பித்தால் ஐப்பசி மழை வரும் வரைக்கும் வேலை. உப்புத் தண்ணீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி வெயிலில் சுண்ட விடுவார்கள். தண்ணீர் 25 டிகிரி கனத்துக்கு வந்ததும் அடியில் உப்பு பூக்கும். முப்பதைத் தொடும் முன்பு மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். டிகிரி பார்க்கக் கண்ணாடிக் கருவி உண்டு. அத்தை கருவி இல்லாமல், தண்ணீரின் நிறத்தையும் விரலில் படும் பிசுபிசுப்பையும் வைத்தே சொல்லிவிடுவாள். பூத்த உப்பைப் பலகை கட்டிய நீளக் கழியால் இழுத்து வரப்பில் சேர்த்து, கூடையில் சுமந்து அம்பாரம் குவிக்க வேண்டும். மழைக்காலத்தில் கூலி கிடையாது. உப்பளத் தொழிலாளிகளுக்கு மழை மாதங்களுக்காக 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற திட்டம் 2022-ல்தான் வந்தது. அதற்குள் அத்தையின் முழங்கால் போய்விட்டது. கண்ணும் மங்கிவிட்டது.

2019 சித்திரையில் முதல் முறையாகக் காமிராவோடு உப்பளத்துக்குப் போனேன். அம்மாடி, என்ன வெளிச்சம்! மேலேயும் வெயில், கீழேயும் வெயில். பத்து மணிக்கெல்லாம் கண்ணில் மணலைப் போட்டு அரைத்தது போல் எரிகிறது. நீங்கள் யாராவது போவதானால் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர் இல்லாமல் இறங்காதீர்கள். காலில் கீறல் இருந்தால் பாத்தி வரப்பில்கூடச் செருப்பில்லாமல் நடக்காதீர்கள், எரிச்சல் உயிர் போகும். நாம் ஒரு நாள் போகிறவர்கள். வருஷக்கணக்காக வெறுங்காலோடும் வெறுங்கண்ணோடும் அங்கே நிற்கிறவர்களை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் இரண்டும் அங்கே மருந்து மாதிரி அவசியம். பூட்ஸ் போட்டிருந்தவர்களை நான் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிட்டேன்.

அன்றைக்கு எடுத்ததில் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரு பெண் குனிந்து உப்பு இழுக்கிறாள். முதுகு மட்டும்தான் தெரியும். ரவிக்கையில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு. பின்னால் அம்பாரம். 2022-ல் ஒரு நகரத்துப் புகைப்படக் குழுவின் காட்சியில் அதை மாட்ட இடம் கொடுத்தார்கள். 'உழைப்பு' என்று பெயர் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, மெனக்கெட்டு அனுமந்தைக்குப் போய் அத்தையிடம் காட்டினேன். அப்போது அங்கே பக்கத்து வீட்டு அக்காவும் இருந்தாள். போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இது என் ரவிக்கைதான். தோள்பட்டையில நான் போட்ட ஒட்டு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கு அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

"பெரிய பெரிய ஆளுங்கள்லாம் பாத்தாங்களா?"

"ஆமாக்கா, ரொம்பப் பாராட்டினாங்க."

"நல்லா இருக்கு, கண்ணு. என் முதுக ஊரே பாத்துதா? மூஞ்சி இருந்துச்சே, அத ஏன் எடுக்கல?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாக, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலக் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. முதுகுதான் அழகாக இருந்தது என்று எப்படிச் சொல்ல? அன்று சாயங்கால பஸ்ஸில் புதுச்சேரி வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். காமிராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எட்டு மாசம் தொடவில்லை.

முதல் கண்காட்சிக்குப் பிறகு, அதை ஒருங்கிணைத்த பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலாவைப் பற்றிப் படித்தது அப்போதுதான் உறைத்தது. அவர் தானே வேஷம் கட்டிக் காமிராவுக்கு முன் நிற்கிறவர். 2000-லிருந்து 2004 வரை கிளேர் ஆர்னி என்ற புகைப்படக் கலைஞரோடு சேர்ந்து தென்னிந்தியப் பெண்களைப் பற்றி ஒரு வரிசை செய்தார். ரவிவர்மா லக்ஷ்மியாக ஒன்றில் நிற்பார். இன்னொன்றில், பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அங்குலக் கணக்கில் அளவெடுத்து அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்களே, அதே மாதிரி தானும் நிற்பார். படிக்கும்போது, "வெள்ளைக்காரன் எவ்வளவு மோசம்!" என்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது யோசித்தால், நான் என்ன செய்தேன்? அவர்களாவது அளவெடுக்க முகத்தைப் பார்த்தார்கள்.

2023-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு காட்சி. வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் தெருவை, தங்கள் வீட்டைத் தாங்களே எடுத்த படங்கள். ஒருங்கிணைத்தவர் பழனிகுமார். மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய தாயின் மகன். துப்புரவுத் தொழிலாளர்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும், தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களையும் எடுத்தவர். தயாநிதா சிங் பெயரில் 'பாரி' நிறுவனம் வழங்கிய ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக, 2022-ல், இவருக்குத்தான் போயிற்று. (தயாநிதா சிங்கும் பெண்தான். ஹாஸல்பிளாட் விருது என்று புகைப்படக்காரர்களுக்குப் பெரிய விருது ஒன்று உண்டு. அதே 2022-ல் அதைப் பெற்றார்.)

அந்தக் கூடத்தில் ஐந்து படம் என்ற என் கணக்கு உடைந்துவிட்டது. காலையில் போனவள் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். எடுக்கப்பட்டவர்கள் காமிராவைப் பார்க்கிற பார்வை வேறாக இருந்தது. எதிரே நிற்பது காமிரா என்று அவர்கள் நினைத்ததாகவே தெரியவில்லை; நம்ம வீட்டுப் பையன் நிற்கிறான் என்றுதான் பார்த்தார்கள். ஓரங்களைப் பார்த்தேன். பாத்திரம், கொடியில் துணி, பாதி தெரியும் டி.வி., எதையும் வெட்டவில்லை. வறுமையைக் காட்ட வேண்டும் என்றோ மறைக்க வேண்டும் என்றோ தோன்றாமல், அது வீடு என்பதால் அப்படியே விட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு முறை காமிரா இல்லாமல் அனுமந்தைக்குப் போனேன். அக்காவோடு உட்கார்ந்து பூ தொடுத்தேன். மூன்றாம் தடவை காமிராவோடு போய்க் கேட்டேன்: "உங்களை எடுக்கணும்கா. எங்கே, எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

அக்கா உப்பளத்தில் வேண்டாம் என்றாள். தலை குளித்து, பூ வைத்து, மகளுக்குச் சீர் வந்த பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். செய்தி தெருவில் பரவிவிட்டது. ஒருத்தி ஆட்டுக்குட்டியோடு நிற்பேன் என்றாள். ஒருத்தி புதுசாகக் கட்டிய கழிப்பறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். மேலத் தெரு அக்கா மட்டும், "நான் குவிச்ச அம்பாரத்து மேலதான் நிப்பேன், ராணி மாதிரி" என்று பிடிவாதம் பிடித்தாள். ஒருத்தி வேண்டவே வேண்டாம் என்றாள், எடுக்கவில்லை. அத்தையும் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள். "கூலிக்காரிக்கு எதுக்கு போட்டோ?" பிறகு அவளே, "ஒங்க மாமாவுக்கும் ஒண்ணு இருந்திருக்கலாம்" என்றாள். மாமா போனபோது மாட்ட ஒரு படம் இல்லை. வாக்காளர் அட்டையிலிருந்ததைப் பெரிசு பண்ணி மாட்டியிருக்கிறார்கள். மூக்கு எது, மீசை எது என்று தெரியாது. அதற்குத்தான் தினமும் விளக்கேற்றுகிறாள்.

இதெல்லாம் எழுதுகிற அளவு சுலபமாக நடக்கவில்லை. மேலத் தெரு அக்காவின் படத்துக்கு மட்டும் நான்கு தடவை போனேன். முதல் தடவை அம்பாரம் மண் குவியல் மாதிரி மங்கலாக விழுந்தது, அவள் முகமோ கறுத்துப் போயிற்று. நான் சுதாரிக்கவில்லை. சரியாகத்தான் இருக்கிறது என்று பிரிண்ட் போட்டே எடுத்துப் போனேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னா கண்ணு, உப்பு அழுக்கா இருக்கு? இப்படி உப்பு வாரினா மேஸ்திரி வண்டியில ஏத்த மாட்டான். முதல் வாரல் உப்பு இந்த நெறம் இல்ல."

அப்போதுதான் பொட்டில் அடித்தது மாதிரி விளங்கிற்று. காமிராவுக்குள் இருக்கும் வெளிச்சம் அளக்கும் கருவிக்கு உப்பு, பால், மல்லிகை என்றெல்லாம் தெரியாது. எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக் கணக்குப் போடும். முழுக்க வெள்ளையைக் காட்டினால், "வெளிச்சம் ஜாஸ்தி" என்று குறைத்துவிடும். உப்பு சாம்பலாகும், முகம் கறுக்கும். வெள்ளை வெள்ளையாக வர வேண்டுமானால் கருவி சொல்வதைவிட ஒரு மடங்கு, ஒன்றரை மடங்கு கூட்டி வைக்க வேண்டும். எந்தப் புத்தகத்திலும் இருக்கிற பாடம்தான். எனக்கு உப்பு வாருகிறவள் சொல்லித்தான் ஏறியது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். சூரியன் கிளம்பின அரை மணிக்குள் போனால், சாய்ந்து வரும் வெயில் உப்பில் பட்டுக் கீழேயிருந்து மேலே முகத்துக்கு ஏறுகிறது. கண்ணுக்கடியில், தாடைக்கடியில் நிழலே இல்லை. ஸ்டுடியோவில் வெள்ளைக் குடை பிடிப்பார்களே, அதை ஏக்கர் கணக்கில் தரையிலேயே விரித்து வைத்த மாதிரி! நான்காம் தடவை ராணி அம்மாள் அம்பாரத்தின் மேல் பளபளவென்று நின்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டு வேப்ப மரத்துக்கும் எதிர் வீட்டு முருங்கைக்கும் நடுவே கயிற்றைக் கட்டினேன். கண்காட்சிகளில் பார்த்த மாதிரி, படத்தின் நடுப்பகுதி கண் உயரத்துக்கு வரும்படி மாட்டினேன். என் கண் உயரத்துக்கு! அங்கே பாதிப் பேர் என்னைவிடக் குள்ளம். "எட்டி எட்டிப் பாக்கறதுக்கு இது இன்னா சாமி படமா?" என்று ஒரு கிழவி கேட்டதும் கயிற்றை ஒரு சாண் இறக்கினேன். பெயர் எழுதி ஒட்டவில்லை. யார் என்று அங்கே யாருக்குத் தெரியாது?

வந்தவர்கள் பார்த்த விதத்தை நான் எந்தக் கூடத்திலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பத்து நிமிஷம்! "இவ சிரிச்சா எங்கம்மாடி, அவ அக்கா மாதிரியே இருக்கா." "பின்னால தெரியுதே, அது எங்க சைக்கிள்." அனுமதி கேட்காமலே படங்களை இடம் மாற்றினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளைப் பக்கத்தில் மாட்டியிருந்தேன் போல. யாரோ அவசரமாக நடுவில் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த மாசம்தான் பக்கத்திலிருக்கும் கழுவெளி ஏரியை உலகமெல்லாம் மதிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். "கொக்கு குருவிய போட்டோ புடிக்கத்தான் காருல வருவாங்க. நம்மள புடிச்சி நம்மகிட்டயே காட்டறாளே" என்று ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது.

பச்சைப் பட்டு அக்கா தன் படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. கடைசியில், "அந்த முதுகுப் படம் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அதையும் கொண்டாந்து இதும் பக்கத்துல மாட்டு. ரெண்டும் நான்தானே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தையின் படங்கள் மூன்று இருந்தன. மூன்றில் திண்ணையில் உட்கார்ந்து தூரத்தைப் பார்ப்பதுதான் நல்ல படம் என்பது என் தீர்ப்பு. வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து, சுருக்கமெல்லாம் தெரிந்து, எந்தக் கண்காட்சியிலும் நிற்கும். மங்கின கண்ணைப் படத்தோடு ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு அத்தை அதைக் கழற்றி என்னிடமே கொடுத்தாள். மூக்குத்தி தெரிய, கை இரண்டையும் மடியில் வைத்து, நேராகக் காமிராவைப் பார்க்கிற படத்தை எடுத்துக்கொண்டாள். வெளிச்சம் தட்டையாக விழுந்த படம் அது.

"அத்தை, அதுல என்ன இருக்கு?"

"இதுதான் வூட்டுக்கு வரவங்கள பாக்குது" என்றாள். அதை மாமா படத்துக்குப் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தாள். மாமா படம் பெரிசு. "அடுத்த தபா இதே அளவுக்குப் போட்டுக்கினு வா. ஒசரத்துல நான் ஒரு விரக்கட கம்மியாதான் இருந்தேன், ஞாபகம் வெச்சிக்க."

பொழுது சாய்ந்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கயிற்றை அவிழ்க்க விடவில்லை, துணி காயப்போட ஆகுமாம். 12 படங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது அத்தை திருப்பிக் கொடுத்த திண்ணைப் படம் ஒன்றும், வேலைக்குப் போய் இன்னும் வராதவளின் படம் ஒன்றும்தான். அதை அக்காவிடம் கொடுத்துவிட்டு, டோல்கேட் விளக்கு எரிய ஆரம்பித்திருந்த சாலையில் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.